மூன்று நிமிடப் பாட்டு, முழு வகுப்பு: கோடையில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்குவோருக்கு

ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் அடைக்கப்பட்டதும் ஊர்தோறும் கோடை வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. சதுரங்கம், ஓவியம், சிலம்பம் என்ற வரிசையில் ஆங்கிலப் பேச்சு வகுப்புக்கும் ஓர் இடம் இருக்கும். அதை நடத்த முன்வருபவர்களில் பலர் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்லர். விடுமுறைக்கு ஊர் திரும்பிய கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள், தெருப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் இல்லத்தரசிகள். பாட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் ஆர்வமாகக் கற்பார்கள் என்று கேள்விப்பட்டு இவர்கள் ஒரு பாட்டை ஒலிக்கவிடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் அடுத்து என்ன செய்வது என்பது தெரிவதில்லை. நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் தொடங்கினேன். எனக்குப் பிடித்த வேகமான பாட்டு ஒன்றை, தமிழ்வழியில் எட்டாம் வகுப்பு முடித்திருந்த பிள்ளைகளுக்குப் போட்டேன். தலையாட்டிக் கேட்டார்கள். என்ன காதில் விழுந்தது என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாட்டு அவர்களைக் கடந்து போயிருந்தது.

அதன்பின் பல கோடைகள் இந்த வகுப்பை நடத்தியதில் நான் உறுதியாக நம்பத் தொடங்கியது ஒன்றுதான். கோடையைப் பற்றிய ஆங்கிலப் பாட்டு நம் பிள்ளைகளுக்குப் பயன்படுவது அது இனிமையாக இருப்பதால் மட்டுமல்ல. அந்தப் பாட்டில் காயும் வெயிலும் நம் வாசலில் காயும் வெயிலும் ஒன்றல்ல என்பதால்தான். அந்த வேறுபாட்டைப் பற்றிப் பேச அவர்களிடம் நிறைய இருக்கிறது. பேச ஒன்று இருக்கும்போது ஆங்கிலம் தானாக வாய்க்கு வரத் தொடங்குகிறது.

பாட்டிடம் எதை எதிர்பார்க்கலாம்

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆங்கிலம் பேசும் 60 பெரியவர்களுக்கு அவர்கள் முன்பின் அறியாத ஹங்கேரிய மொழியின் 20 சிறு தொடர்களைக் கற்பித்தார்கள். ஒரு குழு தொடர்களைச் சாதாரணமாகச் சொல்லிப் பழகியது, இன்னொரு குழு தாளத்தோடு சொல்லிப் பழகியது, மூன்றாவது குழு பாடிப் பழகியது. கற்கும் நேரம் வெறும் 15 நிமிடம். பின்னர் அந்தத் தொடர்களை நினைவிலிருந்து ஹங்கேரிய மொழியில் சொல்லவைத்தபோது பாடிக் கற்றவர்களே முன்னின்றார்கள். வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பித்த தலைமுறைக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

ஆனால் பாட்டு எல்லாவற்றையும் கற்பித்துவிடாது. டிம் மர்ஃபி என்ற மொழியியலாளர் 50 பாப் பாடல்களின் சொற்களை ஆராய்ந்து 1992இல் எழுதிய கட்டுரையில், இப்பாடல்களில் 'நான்', 'நீ' என்ற சொற்கள் மிகுதியாக வருவதையும், யார், எங்கே, எப்போது என்பவை பெரும்பாலும் சொல்லப்படாமலே விடப்படுவதையும் காட்டினார். இது கற்பிப்பவருக்கு நல்வாய்ப்பு. பாட்டில் வரும் 'நீ' யார் என்று கேட்டால் முப்பது பிள்ளைகள் முப்பது விடை சொல்லலாம், ஒன்றும் தவறாகாது. அதே சமயம், கடிதம் எழுதவும் விண்ணப்பம் நிரப்பவும் வழி கேட்கவும் தேவையான ஆங்கிலத்தைப் பாட்டிலிருந்து எடுக்க முடியாது என்பதையும் முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள்.

முதற்படி: பாட்டைத் தேர்ந்தெடுத்தல்

உங்களுக்குப் பிடித்த பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். இந்த வகுப்பில் எந்த ஒரு மொழிக்கூறைக் கற்பிக்கப்போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். பாட்டு மூன்று நிமிடத்துக்கு மிகாமலும், பாடகரின் சொற்கள் இசைக்கருவிகளுக்குள் மூழ்காமலும், பல்லவி அடிக்கடி திரும்பி வருவதாகவும் இருக்கட்டும். வரிகளை முதலிலிருந்து கடைசிவரை தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பல ஆண்டுகள் முணுமுணுத்த பாட்டின் மூன்றாம் சரணத்தில் பிள்ளைகள் முன் விளக்க முடியாத ஒரு சொல் ஒளிந்திருப்பதை அப்போதுதான் காண்பீர்கள்.

நான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பாட்டுகளையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். முதலாவது, இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசன் எழுதி 1969இல் வெளிவந்த 'ஹியர் கம்ஸ் தி சன்'. நீண்ட குளிர்காலம் கழிந்து வெயில் வந்த ஒரு வசந்த நாளில், நண்பர் எரிக் கிளாப்டனின் வீட்டுத் தோட்டத்தில் அமர்ந்து அவர் இதை எழுதினார். மூன்று நிமிடப் பாட்டு, குரல் தெளிவானது, பல்லவி எளியது. ஒரு செயல் கடந்த காலத்தில் தொடங்கி இன்றுவரை நீள்வதைச் சொல்லும் வினை வடிவம் இதில் இயல்பாக வருகிறது. 'எத்தனையோ நாளாயிற்று' என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்க இதைவிட எளிய வாயில் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, ஆங்கிலேயப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டு 1963இல் பாடிய 'சம்மர் ஹாலிடே'. அவர் 1940இல் நம் லக்னோவில் பிறந்தவர் என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இதே பெயர் கொண்ட படத்தில் இளைஞர்கள் சிலர் லண்டனின் மாடிப் பேருந்து ஒன்றை ஓட்டிக்கொண்டு ஐரோப்பாவைக் கடந்து ஏதென்சு வரை போகிறார்கள். 'போகிறோம்' என்ற நிகழ்கால வடிவத்தால் வரப்போகும் பயணத்தைச் சொல்வது நமக்கும் வழக்கம்தான். 'நாளைக்கு மதுரை போகிறோம்' என்கிறோமே, அதேதான். ஆகவே இந்த இலக்கணத்தை விளக்க வேண்டிய தேவையே இல்லை, சுட்டிக்காட்டினால் போதும்.

மூன்றாவது, அதே 1963இல் பீச் பாய்ஸ் குழு பாடிய 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.'. சக் பெர்ரியின் பழைய பாட்டு ஒன்றின் மெட்டில் அமைந்தது. அமெரிக்கா முழுவதும் எல்லோருக்கும் ஒரு கடல் இருந்தால் என்னவாகும் என்ற கற்பனையில் தொடங்குவதால், நடவாத ஒன்றைக் கற்பனை செய்யும் நிபந்தனை வாக்கியத்துக்கு இதன் முதல் சில அடிகளே போதும். மிச்சம் பெரும்பாலும் கடற்கரைகளின் பெயர்ப் பட்டியல், அதை நிறுத்திவிடுங்கள். ஒரு பாட்டை முழுவதும் கேட்டே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கல்லூரி வயதினருக்கு பிரையன் ஆடம்ஸின் 'சம்மர் ஆஃப் சிக்ஸ்டி நைன்' நன்கு பயன்படும். 1984இல் வந்த இசைத்தொகுப்பில் உள்ளது. பழைய நாள்களை நினைத்துப் பாடுவதால், இறுதியில் 'இ.டி.' என்ற எழுத்துகளைச் சேர்க்காமல் வடிவம் மாறும் இறந்தகால வினைகள் அடுக்கடுக்காக வருகின்றன: வாங்கியது, சந்தித்தது, கழித்தது, அறிந்தது என. பாடகர் பிறந்தது 1959 நவம்பரில். தலைப்பு சொல்லும் 1969 கோடையில் அவருக்கு ஒன்பது வயது. அப்படியானால் இது அவருடைய சொந்தக் கதையா என்று கேட்டு ஒரு விவாதமே நடத்தலாம். தலைப்பின் எண்ணுக்கு இரட்டைப் பொருள் இருப்பதை அவரே ஒப்புக்கொண்டிருப்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை நான் போடுவதில்லை.

இரண்டாம் படி: பாட்டுக்கு முன் வெயிலைப் பேசுதல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கரும்பலகையின் நடுவில் 'சன்' என்று எழுதி, சூரியன் என்றதும் மனத்தில் தோன்றுவதைச் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் சொன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள். வியர்க்குரு, மின்வெட்டு, தண்ணீர்ப் பஞ்சம், அக்னி நட்சத்திரம், செருப்பில்லாமல் நடக்க முடியாத தார்ச்சாலை என்று பலகை நிறையும். நுங்கு, மொட்டை மாடியில் படுப்பது, மாங்காய்க் கீற்றில் தூவிய மிளகாய்த்தூள் ஆகியவையும் வரும். ஆனால் அவையெல்லாம் வெயிலிலிருந்து தப்பும் வழிகள், வெயிலின் பெருமை அல்ல. இப்போது, சூரியன் வந்துவிட்டது என்று ஒருவர் நெகிழ்ந்து பாடும் பாட்டைக் கேட்கப்போகிறோம், அவர் எதற்காக மகிழ்கிறார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியோடு பாட்டைக் கேட்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

இந்த வேறுபாடு பருவநிலையோடு நின்றுவிடவில்லை, சொற்களுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. நமக்கு நல்லது நடந்தால் மனம் குளிர்கிறது, கண் குளிரக் காண்கிறோம், வயிறு குளிர வாழ்த்துகிறோம்; கெட்டது நடந்தால் வயிறு எரிகிறது. ஆங்கிலத்திலோ அன்பான வரவேற்பு 'வார்ம்' எனப்படும், நெஞ்சைத் தொடும் செய்தி நெஞ்சுக்கு வெதுவெதுப்பூட்டும், அன்பில்லாதவரே 'கோல்ட்'. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அம்மாவைப் பற்றி எழுதியபோது, அன்பானவர் என்ற பொருளில் 'கோல்ட் ஹார்ட்' என்று எழுதியிருந்தாள். அவளுடைய தமிழ் சரியாகவே வேலை செய்திருக்கிறது; ஆங்கிலம்தான் எதிர்த்திசையில் இருந்தது. இதைப் பிழை என்று சிவப்பு மையால் அடிப்பதற்குப் பதிலாக வகுப்பில் எல்லோர்க்கும் பொதுவான பாடமாக எடுத்துக்கொண்டேன். பனி மூடிய நாட்டில் வளர்ந்த மொழி சூட்டைப் போற்றுகிறது, வெயில் காயும் நாட்டில் வளர்ந்த மொழி குளிர்ச்சியைப் போற்றுகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்ட பிள்ளை அதன்பின் இச்சொற்களில் தடுமாறுவதில்லை.

பெரியவர்களாக இருந்தால் இன்னும் சற்றுத் தொலைவு போகலாம். நம் இலக்கணத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். வேனில் பாலைத் திணைக்கு உரியது, பாலையின் உரிப்பொருள் பிரிவு. ஆங்கிலப் பாப் பாட்டிலோ கோடைதான் காதலர் சந்திக்கும் காலம். ஆனால் ஒன்றில் இரு மரபும் கைகோக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில் இசைக்குறிப்போடு பாதுகாக்கப்பட்டுள்ள, மிகப் பழைய ஆங்கிலப் பாட்டுகளுள் ஒன்று, கோடை வந்துவிட்டது, குயிலே உரக்கப் பாடு என்று தொடங்குகிறது. அங்குள்ள குயில் வேறு இனம் என்றாலும், குயில் கூவினால் வேனில் என்று நம்மைப் போலவே எண்ணியவர்கள் அங்கும் இருந்திருக்கிறார்கள்.

பலகையில் சேர்ந்த சொற்களிலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்து ஆங்கிலத்தில் கொடுங்கள். நுங்கு 'ஐஸ் ஆப்பிள்', வியர்க்குரு 'பிரிக்லி ஹீட்', கானல் நீர் 'மிராஜ்', புழுக்கமான வானிலை 'மக்கி'. அகராதியில் தேடினால் குழப்பும் இரண்டு சொற்களைத் தனியாக எடுத்துப் பேசுங்கள். ஒன்று, நிழல். மரத்தடியில் ஒதுங்கும் நிழல் 'ஷேட்', நம் உருவம் தரையில் விழும் நிழல் 'ஷேடோ'. நமக்கு இரண்டும் ஒன்றே என்பதால் பிள்ளைகள் மாற்றிச் சொல்கிறார்கள். மற்றொன்று, வெயில். இதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் தேடி அலைய வேண்டாம். 'வெயிலில் நிற்காதே' என்பதை 'டோன்ட் ஸ்டாண்ட் இன் தி சன்' என்றே சொல்கிறார்கள். தமிழில் சூரியனும் வெயிலும் வேறு, அங்கே ஒரே சொல். இதற்கு மாறாக, சூடும் காரமும் நமக்கு வேறு வேறு. ஆங்கிலத்தில் மாங்காய்க் கீற்றும் 'ஹாட்', மே மாதமும் 'ஹாட்'. 'ஐ ஆம் ஹாட்' என்பதற்குப் பேச்சுவழக்கில் வேறு பொருளும் உண்டு. ஆகையால் 'ஐ ஃபீல் ஹாட்' என்று பழக்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: மூன்று முறை கேட்டல்

முதல் முறை, தாள் பேனா எதுவும் வேண்டாம். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பாடுபவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா, யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்று மட்டும் சொல்லட்டும். காதில் விழுந்த ஒரே ஒரு சொல்லைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறைக்குக் கோடிட்ட இடங்களை நிரப்பும் தாள். புதியவர்கள் செய்யும் தவறு, வரிக்கு ஒன்றாக முப்பது கோடுகள் போட்டுவிடுவது. பிள்ளை முதல் கோட்டில் எழுதி முடிப்பதற்குள் பாட்டு மூன்றாவது வரிக்குப் போய்விடும். நான்காவது கோட்டோடு பேனாவை வைத்துவிடுவார்கள். எட்டு அல்லது பத்துக் கோடு போதும். கோடுகளுக்கு இடையே குறைந்தது இரண்டு வரி இடைவெளி இருக்கட்டும். எந்தச் சொல்லை நீக்குகிறீர்கள் என்பதிலும் நோக்கம் வேண்டும்: வினைச்சொல்லைக் கற்பிக்கும் நாளில் வினைகளை மட்டும் நீக்குங்கள், ஒலியைக் கற்பிக்கும் நாளில் இயைபாக ஒலிக்கும் அடியிறுதிச் சொற்களை நீக்குங்கள். தாளுக்குச் செலவழிக்க முடியாத இடத்தில் வரிகளைத் தனித்தனிச் சீட்டுகளாக வெட்டி, நான்கு பேருக்கு ஒரு கட்டு என்று கொடுத்து, பாட்டின் வரிசைப்படி அடுக்கச் சொல்லலாம். இதில் எழுதத் தயங்கும் பிள்ளைகளும் பங்கெடுப்பார்கள். பாட்டு வேகமாக இருந்தால் யூடியூபின் அமைப்பில் வேகத்தை 0.75 என்று குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் குரல் இழுபட்டுச் சொல் சிதைந்துவிடும்.

மூன்றாம் முறை, விடைகளைச் சரிபார்த்துக்கொண்டே கேட்பது. ஒரு பிள்ளை தவறாகக் கேட்டிருந்தால் விடையை உடனே சொல்லாமல், அவ்விடத்தில் நிறுத்தி மறுபடி ஒலிக்கவிட்டு, எப்படிக் கேட்டது என்று விசாரியுங்கள். பாட்டு வரியைத் தவறாகக் கேட்பது ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கே நடப்பதுதான். அப்படிக் கேட்ட சொல்லுக்கு 'மாண்டெக்ரீன்' என்று 1954இல் ஓர் அமெரிக்க எழுத்தாளர் பெயரே சூட்டினார். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டால் தயக்கம் பாதி குறையும்.

ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு சொல். கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பாட்டுப் போட்டால், மின்விசிறியின் இரைச்சலில் மூன்றாம் வரிசைக்கு ஒன்றும் எட்டாது. சிறிய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை, முழுதும் மின்னேற்றி, வகுப்பின் நடுவில் வையுங்கள். பாட்டைக் கைப்பேசியில் முன்பே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

நான்காம் படி: வாயைப் பழக்குதல்

பாடுவது என்றதும் பெரிய பிள்ளைகள், குறிப்பாக ஒன்பது பத்தாம் வகுப்புப் பையன்கள், கூச்சப்படுவார்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். பாட்டை மெட்டில்லாமல், கைதட்டித் தாளத்தோடு மட்டும் சொல்லவைத்தால் கூச்சம் வராது. கரோலின் கிரஹாம் என்ற அமெரிக்க ஆசிரியை 1970களில் இம்முறையை 'ஜாஸ் சான்ட்' என்ற பெயரில் பரவலாக்கினார். உங்களுக்குப் பாட வராவிட்டாலும் இது கைகொடுக்கும்.

கைதட்டல் ஏன் தேவை என்று விளக்குகிறேன். தமிழில் நாம் ஏறத்தாழ எல்லா அசைக்கும் அதனதன் மாத்திரையைக் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலம் சில அசைகளை அழுத்தி, இடையில் உள்ளவற்றை விழுங்கிவிடுகிறது. 'சன், ஸேண்ட், ஸீ' என்று மூன்று சொற்களை மூன்று தட்டில் சொல்லவையுங்கள். அடுத்து, அதே மூன்று தட்டுக்குள் 'தி சன், தி ஸேண்ட், தி ஸீ'. அடுத்து, தட்டைக் கூட்டாமலே 'தி சன் அண்ட் தி ஸேண்ட் அண்ட் தி ஸீ'. மூன்றாவதில் 'அண்ட்' என்பது வெறும் 'ன்' ஆகத் தேய்ந்தால்தான் தாளத்துக்குள் அடங்கும். பாட்டில் சொற்கள் ஏன் காதில் விழவில்லை என்ற கேள்விக்கு விடை இந்தப் பயிற்சியிலேயே கிடைத்துவிடுகிறது.

சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை விளக்க நம் இலக்கணமே துணைக்கு வரும். மெய்யில் முடியும் சொல்லின்மேல் உயிர் வந்து ஒன்றும் என்று அவர்கள் பள்ளியில் படித்திருக்கிறார்கள். பாலும் ஆடையும் சேர்ந்தால் பாலாடை. ஆங்கிலத்தில் 'ஷைன்ஸ்', 'ஆன்' இரண்டும் சேர்ந்து 'ஷைன்ஸான்' என்று ஒலிப்பதும் அதே புணர்ச்சிதான், எழுத்தில் காட்டாமல் பேச்சில் மட்டும் நிகழ்கிறது. தமிழ் நன்றாகப் படிக்கும் பிள்ளை, தனக்கு ஆங்கிலம் வராது என்று எண்ணியிருந்த பிள்ளை, இந்த இடத்தில் முன்வந்து எடுத்துக்காட்டுச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

நம் நாவின் பழக்கங்கள் சிலவற்றையும் இங்கே கவனிக்கலாம். சொல்லின் இறுதியில் 'பஸ்ஸு', 'லைட்டு' என்று உகரம் சேர்ப்பது, எகரத்தில் தொடங்கும் சொல்லை 'யெவ்ரி' என்றும் ஒகரத்தில் தொடங்குவதை 'வோன்லி' என்றும் சொல்வது ஆகியவை பாட்டோடு சேர்ந்து சொல்லும்போது தாளம் இடறுவதால் தாமே தெரிந்துவிடும். மணலைக் குறிக்கும் 'ஸேண்ட்', அனுப்புதலைக் குறிக்கும் 'ஸெண்ட்' இரண்டுக்கும் உயிரொலி வேறுபாடு நமக்குக் கடினம். தனியே பயிற்சி வேண்டும். நெடில் குறில் வேறுபாடோ நமக்குப் பிறப்பிலேயே வந்தது, ஆகவே கடற்கரையைச் சொல்லும் 'பீச்' என்ற சொல்லில் நம் பிள்ளைகள் பிழை செய்வதில்லை. ஒரு வகுப்பில் ஒரே ஓர் ஒலியைத் திருத்தினால் போதும்.

ஐந்தாம் படி: ஒரே ஓர் இலக்கணம்

வானிலையைப் பேசத் தமிழுக்குப் போலி எழுவாய் தேவையில்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, எனக்குப் புழுங்குகிறது. ஆங்கிலம் எழுவாய் இல்லாமல் வாக்கியத்தை நிறுத்தாது. எதையும் குறிக்காத 'இட்' ஒன்றை முன்னால் வைக்கிறது. 'ரெய்ன் இஸ் கமிங்' என்ற நம் வழக்கமான வாக்கியம் மழை வரப்போகிறது என்ற பொருளில் ஏற்கத்தக்கதுதான். பெய்துகொண்டிருக்கும்போது 'இட்ஸ் ரெய்னிங்' என்றே வர வேண்டும். நான்காம் வேற்றுமையில் 'எனக்கு' என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்கள் பல ஆங்கிலத்தில் 'ஐ' என்றோ 'இட்' என்றோ தொடங்கும் என்பதை, எனக்குப் பசிக்கிறது, எனக்கு வியர்க்கிறது, எனக்குக் குளிர்கிறது ஆகியவற்றை வைத்துப் பழக்குங்கள். இது ஒரு முழு வகுப்புக்குப் போதுமான வேலை.

பாட்டின் இலக்கணம் தேர்வுத்தாளின் இலக்கணம் அன்று என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். 'கோயிங் டு' சுருங்கிய 'கானா', 'வான்ட் டு' சுருங்கிய 'வானா', 'இஸ் நாட்' என்பதற்கு வரும் 'எய்ன்ட்' ஆகியவை பேச்சிலும் பாட்டிலும் இயல்பானவை. அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் 1971ஆம் ஆண்டுப் பாட்டான 'எய்ன்ட் நோ சன்ஷைன்' தலைப்பிலேயே 'எய்ன்ட்' கொண்டு, இரட்டை எதிர்மறையால் வெயில் இல்லை என்கிறது. நம் பேச்சுத் தமிழில் 'வந்துட்டான்', எழுத்தில் 'வந்துவிட்டான்' என்று இருப்பதுபோல என்று சொன்னால் அவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. எதைப் பேசலாம், எதை எழுதலாம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்துக் குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: சொந்த அடிகள்

கேட்டதோடும் நிரப்பியதோடும் வகுப்பை முடித்தால் பிள்ளையிடம் எஞ்சுவது ஒரு தாள் மட்டுமே. பாட்டின் சட்டகத்தை எடுத்துக்கொண்டு நம் ஊரின் கோடையை அதில் நிரப்பச் சொல்லுங்கள். நிபந்தனை வாக்கியம் கற்ற நாளில், 'இஃப் திருச்சி ஹேட் எ பீச்' என்று பலகையில் எழுதி முடிக்கச் சொன்னேன். காவிரிக்கு லீவு விடலாம் என்றான் ஒருவன். மலைக்கோட்டையிலிருந்து கப்பல் பார்க்கலாம் என்றாள் ஒருத்தி. 'சம்மர் ஹாலிடே' நாளில் கேட்க வேண்டிய கேள்வி தானாகக் கிடைக்கும்: பாட்டில் அவர்கள் வெயிலைத் தேடித் தெற்கே போகிறார்கள், நாம் வெயிலுக்குத் தப்பிக் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகிறோம், உங்கள் பயணத்தை அதே வினை வடிவத்தில் சொல்லுங்கள். பயணமே போகாத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்காக, போக விரும்பும் இடம் என்றோ, அம்மாச்சி வீடு என்றோ கேள்வியை அகலமாக வையுங்கள்.

அடிகளின் இறுதி ஒலி ஒத்துவரும்படி இயைபு வைத்து எழுதுவதும் கடினமன்று. ஒரு மே மாதம் வகுப்பின் நடுவே மின்விசிறி நின்றபோது எல்லோரும் சேர்ந்து செய்த அடிகள் இவை:

இட்ஸ் ஹாட், இட்ஸ் ஹாட், தி ஃபேன் இஸ் டெட்,
வீல் ஆல் ஸ்லீப் அப் ஆன் தி ரூஃப் இன்ஸ்டெட்.

மின்விசிறி செத்தது, எல்லோரும் மொட்டை மாடியில் படுப்போம் என்பதே பொருள். வானிலைக்கான 'இட்', வருங்காலத்துக்கான 'வீல்' ('வீ வில்' என்பதன் சுருக்கம்), இறுதி ஒலியின் ஒற்றுமை மூன்றும் இரண்டே அடியில் இருக்கின்றன. அன்று கற்றதை அந்தப் பிள்ளைகள் மறக்கவில்லை.

நேரமும் சட்டமும்

ஒன்றரை மணி நேர வகுப்பென்றால் வெயிலைப் பேச 25 நிமிடம், கேட்க 20, தாளப் பயிற்சிக்கு 15, மிச்சம் இலக்கணத்துக்கும் எழுத்துக்கும் என்று வகுத்துக்கொள்ளலாம். காலை ஒன்பதுக்குள் தொடங்கிவிடுங்கள்; பதினொன்றைத் தாண்டிய வகுப்பில் மே மாதத்தில் யாருக்கும் மனம் நிற்பதில்லை. வாரம் ஒரு பாட்டு போதும், மற்ற நாள்களில் அதே பாட்டுக்குத் திரும்பி வாருங்கள்.

கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதை 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. வகுப்புக்கு ஜெராக்ஸ் எடுத்த வரித்தாள் வகுப்போடு இருக்கட்டும். முழுப் பாட்டு வரிகளையும் சேர்த்துப் பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் பரப்புவது வேறு செயல்.

கடைசி நாள் வகுப்பில், முதல் வாரம் கேட்ட அதே பாட்டை மறுபடி ஒலிக்கவிடுங்கள். இம்முறை கோடிட்ட தாள் இல்லை, வெற்றுத்தாள்; காதில் விழுந்த சொற்களையெல்லாம் எழுதட்டும். முதல் நாள் நிரப்பிய தாள்களைப் பத்திரமாக வைத்திருந்து அப்போது கையில் கொடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எத்தனை சொல் கூடியிருக்கிறது என்று அவரவரே எண்ணிப் பார்த்து, தாளின் மூலையில் எழுதி, வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.